சிறு படகில் நெடுங்கடற் சஞ்சாரம்

கடல்மேற் செல்வோர் எக்காலத்தும் யாதாயினும் ஒரு காரியம் பற்றியே சென்றனர். மீன்பிடிப்போர் உணவின் பொருட்டும், வணிகர் ஊதியத்தின் பொருட்டும், போர்வீரர் அரசன் ஆணையின் பொருட்டும், யாத்திரிகர் தம் நேர்த்திக்கடனின் பொருட்டும் சென்றனர். இவற்றுள் ஒன்றனையும் பற்றாது, தமக்குச் சொந்தமான சிறு பாய்ப்படகிலே, தனித்தோ, கணவனும் மனைவியுமாகவோ, பிள்ளைகளையும் உடன்கொண்டோ, தாமே மாலுமிகளாகவும் தாமே சமையற்காரராகவும் தாமே தச்சராகவும் நின்று, சமுத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து ஆண்டுக்கணக்காய்ச் செல்லும் ஒரு கூட்டத்தார் உளர். இவர்களை ஆங்கிலத்திற் 'குறூசர்' என்பர். யாம் இவ்வியாசத்திற் கடற்சஞ்சாரிகள் என்று வழங்குவாம்.

இலங்கையின் தென்கோடியிலுள்ள காலித் துறைமுகம் இவர்கள் நெடுங்காலமாகத் தங்கிச் செல்லும் இடங்களுள் ஒன்று. தை மாசி மாதங்களிலே, முப்பது நாற்பதடி நீளமுள்ள படகொன்று, பின்புறத்திலே தூரதேசத்துக் கொடியும், பக்கக் கம்பிகளிலே காயவிட்ட துணிகளும், மேற்றட்டிலே கட்டிவைத்த தண்ணீர்க் குடுவைகளுமாக அங்கே நிற்குமாயின், அது பெரும்பாலும் தாய்லாந்துப் பக்கத்திலிருந்து 1,100 கடல்மைலைக் கடந்து வந்ததாயிருக்கும். அதிலிருந்து இறங்குவோர் பெருஞ் செல்வரென்று நினைப்பது பெரும்பாலும் தவறு. ஆசிரியர், தச்சர், தாதியர், இளைப்பாறிய எழுதுவினைஞர் முதலானோர் தம் வீட்டை விற்றும் சிறுகச் சிறுகச் சேர்த்தும் வாங்கிய படகுகளே இவற்றுட் பல.

இதனை எழுதும் யான் கடலோடி அல்லேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்கே எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பவன். ஆதலால் இவர்களுடைய துணிவைப் புகழ யான் தகுதியுடையவனேயாயினும், இவர்கள் எழுதிய நூல்களைப் படிக்குந்தோறும் துணிவைக் காட்டிலும் வேறிரண்டு குணங்களே எனக்கு வியப்பை விளைத்தன. ஒன்று, புறப்படாதிருக்க வேண்டிய காலத்தை அறிந்து காத்திருக்கும் பொறுமை. மற்றொன்று, முன்பின் அறியாத படகினர்க்குக் கணக்குப் பாராது செய்யும் உபகாரம். இவ்விரண்டும் எவ்வாறு உண்டாயின என்பதையே இங்குச் சிறிது ஆராய்வாம்.

இக்கூட்டத்தார் தமக்கு முன்னோனாகக் கொண்டாடுவது ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் கப்பற் கப்பித்தானை. பாய்க்கப்பல்கள் நீராவிக்கப்பல்களுக்கு இடங்கொடுத்து ஒதுங்கிய காலத்திலே தொழிலிழந்து நின்ற அவர், வயல்வெளியிற் கிடந்த 'ஸ்பிறே' என்னும் பழம்படகொன்றைப் பெற்று, 13 மாதங்கள் தம் கையாலேயே புதுக்கினார். அதற்குச் செலவானது 553 டாலர் 62 சதம். 36 அடி 9 அங்குல நீளமுள்ள அப்படகிலே 1895-ஆம் ஆண்டு ஏப்பிரில் 24-ஆந் திகதி பொஸ்டன் நகரினின்று தன்னந்தனியராய்ப் புறப்பட்டு, 46,000 மைல் ஓடி, 1898-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆந் திகதி மீண்டார். தனியொருவர் படகிலே பூமியை வலம்வந்தது அதுவே முதன்முறை. நேரமறிய அவர் கொண்டுசென்றது முகக்கண்ணாடி உடைந்திருந்தமையால் ஒரு டாலருக்குக் குறைத்து வாங்கிய தகரக் கடிகாரமொன்று.

ஆயினும் இங்கு நோக்கத்தக்கது அவர் திட்டம் மாறிய விதமாம். அவர் முதலிற் கிழக்கு நோக்கியே செல்லக் கருதி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஜிப்ரால்டர் சேர்ந்தார். அங்கிருந்து மத்தியதரைக் கடலும் சூயஸ் கால்வாயும் செங்கடலுமாகச் செல்வது அவர் எண்ணம். அங்கிருந்த பிரித்தானியக் கடற்படை உத்தியோகத்தர்கள், அவ்வழியிற் கடற்கொள்ளைக்காரர் மிகுதி, தனியொருவர் செல்லலாகாது என்று தடுத்தனர். அவர் அதனைக் கேட்டு, வந்த சமுத்திரத்தையே மீண்டும் குறுக்கே கடந்து தென்னமெரிக்காவை அடைந்து, மகெல்லன் நீரிணை வழியாகப் பூமியை எதிர்ப்புறமாகச் சுற்றினார். வீண்வீம்பு பிடித்தவராயின் அவர் கதை செங்கடலோடு முடிந்திருக்கவுங் கூடும். ஒரு கடற்சஞ்சாரி ஒரு சமுத்திரத்தையே திரும்பக் கடக்க நேரினும் பிறர் சொல்லைக் கேட்டான் என்பது, இக்கூட்டத்தாரின் முதல் நூலிலேயே காணப்படுவது சிறப்பு.

இனி, பயணம் வகுக்கும் முறையைக் கூறுவாம். தரையிற் செல்வோர் முதலில் இடத்தையும் பின்னர் நாளையும் குறிப்பர். கடற்சஞ்சாரி முதலிற் காற்றையும், அடுத்துப் புயற்காலத்தையும் பார்த்து, அவற்றுக்கு இடையே எஞ்சிய மாதங்களுக்குள் இடத்தைப் பொருத்துவான். காற்றானது எந்தக் கடலில் எந்த மாதத்தில் எத்திசையினின்று எத்துணை வலியோடு வீசும் என்பதைக் காட்டும் படங்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படையினராகிய மத்தேயு பொன்டேன் மோறி என்பவர், பண்டகசாலையிற் குவிந்து கிடந்த பழைய கப்பற் குறிப்பேடுகளை எல்லாம் ஆராய்ந்து 1847-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட படங்களே இவற்றுக்கு மூலம். பல்லாயிரம் மாலுமிகள் அன்றன்று எழுதிவைத்த சில வரிகளே இன்றைக்கும் சிறு படகினர்க்கு வழிகாட்டுகின்றன.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். ஐரோப்பாவினின்று மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் வழியே இவர்களுள் மிகப் பலர் கைக்கொள்வது. கனேரித் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் துறையிலிருந்து சென் லூசியாத் தீவுக்கு ஏறத்தாழ 2,700 கடல்மைல். பூகோள நூலார் வியாபாரக் காற்று என்று கூறும் வடகீழ்க் காற்று படகைப் பின்னின்று தள்ளிக்கொண்டு செல்லும். ஆனால் அவ்வடவத்திலாந்திக் கடலிலே ஜூன் முதல் நவம்பர் முடியவுள்ள ஆறு மாதமும் பெரும் புயற்காலம். ஆகவே நவம்பர்க் கடைசியிலேதான் புறப்படல் வேண்டும். சற்றுப் பிந்திச் சென்றாற் காற்று இன்னும் நிலைப்பட்டு வீசும் என்பர். நத்தார்ப் பண்டிகையைத் தீவிலே கொண்டாட விரும்புவோர் அத்துணைப் பொறுப்பதில்லை. 1986-ஆம் ஆண்டிலே ஜிம்மி கோர்னெல் என்பவர் இவ்வழியே 200-க்கு மேற்பட்ட படகுகளை ஒருங்கு திரட்டிச் செல்லும் வழக்கத்தைத் தொடக்கினார். அஃது ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. நேரே மேற்கு நோக்காது, முதலில் தெற்கே இறங்கி, வெண்ணெய் உருகத் தொடங்கும் இடத்தில் மேற்கே திரும்புக என்பது மாலுமிகளின் பழைய வாய்மொழி. வெண்ணெய் உருகும் அளவுக்கு வெப்பமான அட்சரேகையிலேதான் அக்காற்று தவறாது வீசும் என்பது அதன் கருத்து.

முப்பதடிப் படகொன்று மணிக்கு 5 கடல்மைல் செல்லுமெனின் ஒரு நாளிற் செல்வது 120 கடல்மைல். 2,700-ஐ 120-ஆற் பிரித்தால் இருபத்திரண்டரை நாள். நாளுக்கு ஆளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீரென்று வைத்து, 25 நாளைக்கு இருவர்க்கு 200 லீற்றர். காற்று விழுந்து படகு நின்றுவிடின் என்செய்வது என்று அதிற் பாதியையும் கூட்டி 300 லீற்றர். அதனையும் ஒரே தொட்டியில் வையாது பிரித்து வைப்பர். ஒன்று ஒழுகினும் மற்றொன்று உயிரைக் காக்கும். உப்புநீரை நன்னீராக்கும் யந்திரம் இப்போது பல படகுகளில் உண்டு. அது பழுதாகாது என்று நம்பிப் புறப்பட்டவனை அவன் கூட்டாளிகளே நகைப்பர்.

உணவுப் பொருள் ஏற்றுவதில் இவர்களுக்குச் சில நுட்பங்கள் உண்டு. நம் வீட்டுப் பெண்டிர் கேட்டால் மெச்சுவர். கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி எதுவும் படகினுள் நுழையலாகாது. அதன் மடிப்புக்களிலே கரப்பான்பூச்சி முட்டையிட்டிருக்கும். தகரப்புட்டிகளை அடித்தட்டிலே அடுக்குமுன் கடதாசிச் சுற்றை உரித்து, உள்ளிருப்பது இன்னதென்று மையாலெழுதி வைப்பர். இல்லையேல் அடியில் ஊறும் நீரிலே கடதாசி கரைய, இராப்போசனத்துக்குத் திறந்தது இறைச்சியா அன்னாசிப்பழமா என்பது திறந்தபின்னரே தெரியும். கோழிமுட்டையைக் கழுவாது, வாஸ்லீன் தடவி, இரண்டு மூன்று நாளைக்கொருமுறை புரட்டி வைத்தால் வாரக்கணக்கிற் கெடாது. வாழைக்குலையை மட்டும் ஒருவராலும் வெல்ல முடிவதில்லை. பத்து நாள் ஒன்றும் பழாது, பதினோராம் நாள் முழுவதும் பழுத்துவிடும். இவ்விடயத்தில் ஸ்லோக்கமும் தப்பினாரல்லர். அசோர்ஸ் தீவுகளிலே பெற்ற பிளம்ஸ் பழத்தையும் வெண்பாற்கட்டியையும் ஒருங்கே மிகுதியாக உண்டு, வயிற்றுவலியாற் சுருண்டு விழுந்து, கொலம்பஸின் 'பின்ற்றா' என்னுங் கப்பலின் மாலுமி வந்து தம் படகின் சுக்கானைப் பிடித்து நிற்பதாகப் பிதற்றற் கனவு கண்டார். விழித்தபோது படகு தானே நேர்வழியில் ஓடிக்கொண்டிருந்தது.

பருவத்தை மீறினால் விளையும் கேட்டுக்கு நம் கடலிலேயே சான்றுண்டு. வாடையும் சோழகமும் மாறிமாறி வீசும் இந்து சமுத்திரத்திலே, வாடைக்காற்றுக் காலத்தில் மேற்கே செல்வதும் சோழகக் காலத்தில் கிழக்கே செல்வதும் நம் முன்னோர் கண்ட முறை. இந்தோசீனத்திலே பிறந்து வளர்ந்த பெர்னார்ட் மொய்ற்றெசியே என்னும் பிரெஞ்சுக்காரர், 1952-ஆம் ஆண்டு, தீர்க்கரேகையைக் கணிக்கும் நுண்கடிகாரம் இன்றி, சோழகத்தை எதிர்த்து மேற்கே செல்ல முயன்று, தாம் இருக்குமிடம் இன்னதென்று அறியாமலே டியாகோ கார்சியாத் தீவின் பவளப்பாரிலே மோதிப் படகை இழந்தார். பின்னாளிற் கடற்சஞ்சாரிகள் யாவரும் போற்றும் பேரறிஞரான அவர்க்குக் கல்வி இவ்வாறுதான் தொடங்கிற்று. அவரை இன்னும் ஒரு துறைமுகத்திற் சந்திப்போம்.

நாட்குறிப்பே படகிலுள்ள பண்டங்களுள் மிக அபாயமானது என்று அனுபவமுடையோர் எல்லாரும் ஒருமுகமாய்க் கூறுகின்றனர். விடுமுறை முடிகின்றது, உறவினர் விமானச்சீட்டு வாங்கிவிட்டனர், துறைமுகச் சீட்டின் தவணை கழிகின்றது என்னும் இவற்றால் உந்தப்பட்டு, வானிலை அறிக்கை தீதாயிருப்பவும் புறப்பட்டோரே பெரிதும் இடருற்றனர். ஆதலால் விருந்தினராக வர விரும்புவோர்க்கு இவர்கள் சொல்லும் விடை ஒன்றுண்டு: நாளைச் சொல்லுவோம், அல்லது இடத்தைச் சொல்லுவோம், இரண்டையும் சேர்த்துச் சொல்லமாட்டோம் என்பதே. பசிபிக் சமுத்திரத்தில் இவ்விடையின் பொருள் நன்கு விளங்கும். பனாமாவினின்று மார்க்கேசஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 4,000 கடல்மைல், இடையிலே கலாபகோஸ் தவிர வேறு கரையில்லை. மாசி பங்குனியிற் புறப்பட்டு, தீவு தீவாக மேற்கே சென்று, நவம்பரில் அங்குப் புயற்காலம் தொடங்குமுன் ஏறத்தாழ 1,000 கடல்மைல் தெற்கே இறங்கி நியூசீலந்தில் ஒதுங்குதல் வேண்டும். டோங்காவிலே சுற்றத்தாரைக் காண ஒரு மாதம் காத்திருப்பவன், அம்மாதத்தைப் புயலிடமிருந்து கடன் வாங்குகின்றான்.

பயணத்தின் அகத்தே உள்ளதைச் சிறிது பார்ப்போம். இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருப்பர். மூன்று மணி, அல்லது நான்கு மணிக்கொருமுறை மாறுவர். ஆகவே நெடுங்கடலிற் செல்லும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு காண்பது அரிது. சுக்கானைக் கையாற் பிடித்திருப்பதில்லை. காற்றின் திசையைக்கொண்டு தானே படகை நடத்தும் விசிறிப் பொறி ஒன்று பின்புறத்தே உண்டு; ஹாஸ்லர் என்னும் ஆங்கிலர் முதலானோர் 1960-ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைத் தனியே கடக்கும் போட்டியிலே இதனைக் கொண்டுசென்ற பின்னர் இஃது எங்கும் பரவிற்று. அடிவானத்திலே தோன்றிய பெருங்கப்பல் 15 அல்லது 20 நிமிடத்திலே படகின்மேல் வந்துவிடக்கூடும் ஆதலால், விழித்திருப்பவர் அக்கால அளவுக்கொருமுறையேனும் எழுந்து நாற்றிசையும் நோக்கல் வேண்டும்.

இவர்கள் புயலை அஞ்சுவதினும் மிகுதியாக அஞ்சுவது ஒன்றுண்டு. மணிக்கு 5 கடல்மைல் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 150 மீற்றர் சென்றுவிடும். இரவிலே விழித்திருந்தவர் கால் தவறி விழுந்தால், உறங்குகிறவர் அறியார். பொறி படகை அமைதியாக நடத்திக்கொண்டே செல்லும். மூன்று மணி கழித்து முறைமாற எழுந்தவர் வெறுந்தட்டைக் காண்பர். இதன் பொருட்டே இடுப்பிற் கட்டிய வாரினைப் படகோடு கொளுவாது இரவில் மேலேறுதல் கூடாது, துணையை எழுப்பாது பாய்மரத்தடிக்குப் போதல் கூடாது என்ற விதிகள் எழுந்தன. கோபத்தோடு உறங்கப் போகிறவர்களும் இவ்விதியை மட்டும் மீறுவதில்லை. பயணத்தை ஒருவர் மாத்திரம் விரும்பி மற்றவர் இசைந்து மட்டும் வந்த படகுகள் பெரும்பாலும் முதற் பெருந்துறையிலேயே விற்பனைக்கு நிற்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. எரிக் ஹிஸ்கொக், சூசன் ஹிஸ்கொக் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை 30 அடிப் படகொன்றிலே பூமியைச் சுற்றி, அம்முறைகளை நூலாக எழுதிப் பின்வந்தோர்க்கு ஆசிரியராயினர். இருவரும் சரிநிகராகப் படகு நடத்த வல்லராயிருந்தமையே அவர்களுடைய வெற்றிக்குக் காரணம் என்று யான் கருதுகின்றேன்.

இனி இவர்களிடையே நிலவும் வழக்கங்களுக்கு வருவாம். புதிய தேசத்தை அணுகியவுடன் மஞ்சட் கொடி ஏற்றுவர்; எம்மிடம் தொற்றுநோயில்லை, இறங்க அநுமதி தருக என்பது அதன் பொருள். அநுமதி கிடைத்தபின் அதனை இறக்கி, அத்தேசத்துக் கொடியை வலப்புறத்தே மரியாதையாக ஏற்றுவர். நங்கூரமிடும் இடத்தில் முன் வந்தவனுக்கே உரிமை. பின் வந்தவன் நெருங்கி நின்றுவிட்டால் அவனே எடுத்துப் போதல் வேண்டும். இதனை மறந்தவனைப் பற்றி அன்று மாலை எல்லாப் படகுகளிலும் பேசிக்கொள்வர். பீஜித் தீவின் வெளியூர்க் கிராமங்களிலோ, இறங்கியவுடன் 'யங்கோனா' வேர்க்கட்டொன்றை ஊர்த்தலைவர் முன் வைத்து, அவர் ஏற்றபின்னரே நடமாடல் வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் ஊரிலே பிறந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். அவசரக்காரச் சஞ்சாரிகள் சிலர்க்கு விளங்காமற் போனதுமுண்டு.

மனிதரை இவர்கள் படகின் பெயராலேயே அறிவர். ஒருவர் கரையிலே நீதிபதியாயிருந்தாரா கொல்லராயிருந்தாரா என்று கேட்பது வழக்கமன்று. யந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரியுமா, பல்வலிக்கு மருந்து வைத்திருக்கின்றாரா என்பவையே கேட்கப்படும். அழகிய இடங்களிலே படகைப் பழுதுபார்ப்பதற்குத்தான் கடற்சஞ்சாரமென்று பெயர் என்பது அவர்கள் தம்மைத் தாமே நகையாடும் சொல். 1954-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற சமுத்திர சஞ்சாரச் சங்கம், 70 அடிக்கு மேற்படாத படகிலே இடைநில்லாது 1,000 கடல்மைல் சென்றவர் எவரையும் ஏற்கும். குலமும் பணமும் அங்குத் தகுதியல்ல. அசோர்ஸ் தீவுகளிலுள்ள ஓர்ற்றாத் துறைமுகத்திலே, வந்துபோன படகு ஒவ்வொன்றும் அணைச்சுவரில் தன் பெயரையும் ஆண்டையும் வர்ணத்தாற் றீட்டிச் செல்லும். தீட்டாது போனவர்க்குத் தீங்கு வருமென்பது நம்பிக்கை. பகுத்தறிவு பேசும் மேனாட்டாரும் அங்குத் தூரிகையோடு குந்தியிருப்பதைப் படங்களிற் காணலாம்.

பனாமாக் கால்வாயிலே இவர்களுடைய உபகாரம் ஒரு விதியாகவே ஆகிவிட்டது. கப்பல்களை 85 அடி உயர்த்தி இறக்கும் அந்நீர்ப்பூட்டுக்களிலே, சிறு படகொன்று செல்வதற்கு, படகோட்டியையும் கால்வாய் உத்தியோகத்தரையும் அன்றி, 125 அடிக் கயிறுகளைப் பிடிப்போர் நால்வர் வேண்டும். கணவனும் மனைவியுமாக வந்தவர் நால்வர்க்கு எங்குப் போவர்? முன்னே காத்து நிற்கும் படகிலே இவர்கள் கயிறு பிடித்துச் சென்று, மறுகரையிலிருந்து பஸ் வண்டியிலேறி மீண்டு வர, பின்னொரு நாள் வேறு படகினர் இவர்களுக்குக் கயிறு பிடிப்பர். தாம் போக வேண்டிய கால்வாயை முதலிற் பிறர் படகிலே சென்று கற்றுக்கொள்வதனால், உபகாரஞ் செய்தவர்க்கும் அஃதே பாடமாகின்றது.

1982-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், மெக்சிக்கோ தேசத்துக் காபோ சான் லூக்காஸ் என்னும் திறந்த துறையிலே பல படகுகள் நெருங்கி நங்கூரமிட்டு நின்றன. புயற்காலம் கழிந்துவிட்டது என்ற நம்பிக்கை எல்லார்க்கும் இருந்தது. 8-ஆந் திகதி இரவு காற்றுக் கடற்புறமிருந்து திரும்பி அடித்தது. ஒன்றின் நங்கூரம் இழுபட, அது மற்றொன்றின்மேல் விழ, விடியுமுன் ஏறத்தாழ 30 படகுகள் மணலிலே கிடந்தன. அவற்றுள் ஒன்று 'ஜோஷுவா' என்னும் இரும்புப்படகு. ஸ்லோக்கத்தின் நினைவாக அப்பெயரிட்டு, அதிலே 1968-69-ஆம் ஆண்டுகளிற் பூமியை இடைநில்லாது சுற்றி, பரிசு கைக்கெட்டும் நிலையிலே போட்டியைக் கைவிட்டுத் தகித்திக்குச் சென்றவர் முன்னே கூறிய மொய்ற்றெசியே. அத்துணை அனுபவமுடையவரும் அன்றிரவு தப்பினாரல்லர். மணலிற் புதைந்த படகைச் செப்பனிட வலியின்றி இளைஞர்க்குப் பெயரளவில் ஒரு தொகைக்குக் கொடுத்துவிட்டார். அவ்விளைஞர் அதனை மீட்டெடுத்தனர். அது பின்னர் பிரான்சிலே லா றொஷெல் நகரத்துக் கடற் காட்சிசாலையைச் சேர்ந்தது. படகிழந்த முதியவர்க்கோ, கலிபோர்னியாவிலிருந்த நண்பர்கள் தம் பொருளையும் உழைப்பையும் தந்து, 'தமாற்றா' என்ற சிறு படகொன்று கட்டிமுடிக்கத் துணைநின்றனர்.

கொள்ளையரச்சமும் ஸ்லோக்கத்தோடு ஒழிந்ததன்று. 2011-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் அரபிக்கடலிலே அமெரிக்கப் படகொன்றைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்து, அதிலிருந்த நால்வரையும் கொன்றனர். காலியிலும் மாலைதீவிலும் நின்ற படகினர் பலர் அச்செய்தி கேட்டு, தம் படகுகளைப் பெருங்கப்பல்களில் ஏற்றியனுப்பினர். வேறு சிலர் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு சென்றனர். 2023-ஆம் ஆண்டின் இறுதியிலே செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோதும் அவ்வினாவே மீண்டும் எழுந்தது. ஜிப்ரால்டரிலே ஸ்லோக்கம் எடுத்த முடிவை, 116 ஆண்டு கழித்து மறுபுறத்தில் நின்று இவர்களும் எடுக்க வேண்டியதாயிற்று.

அவ்வழியைப் பற்றிப் பேசுகையில் நம்மவர் ஒரு பயணத்தைச் சொல்லாதுவிடல் முறையன்று. 32 அடிப் படகிலே 1928 முதல் 1931 வரை பூமியைச் சுற்றிய வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கச் சஞ்சாரி, வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் ஏறத்தாழ 90 அடிப் பாய்க்கப்பலைக் கண்டு, அதன் வேலைப்பாட்டிலே ஈடுபட்டு விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல் வழியாகவும் அத்திலாந்திக்கைக் கடந்தும் செலுத்தி, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மசச்சூசெற்ஸ் மாகாணத்துக் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். அவர்கள் சென்றது கூலிக்கு. அவர் வாங்கியது விருப்புக்கு. இருதிறத்தாரும் ஒரே மரத்தை மெச்சினர்.

கடைசியாக, வானொலியைப் பற்றிச் சொல்லல் வேண்டும். ஒரே சமுத்திரத்தைக் கடக்கும் படகுகள் நாள்தோறும் குறித்த வேளையிலே வானொலியிற் கூடி, ஒருவர் பெயர் கூப்பிட, ஒவ்வொரு படகும் தன் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, உடல்நலம் ஆகியவற்றைச் சொல்லும். நம் வகுப்பறையில் டாப்புக் கூப்பிடுவது போன்றது இது. விடை வாராத படகின் பெயரை மீண்டும் மீண்டும் கூப்பிடுவர். அருகிலுள்ள படகும் கூப்பிட்டுப் பார்க்கும். சில ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் வழியாக எங்கிருந்தும் எழுதவும் பேசவும் கூடுமாதலால் இவ்வழக்கம் குன்றும் என்று மூத்தோர் சிலர் வருந்துகின்றனர். ஆயின் கருவி மாறினும் கூப்பிடுவோர் மாறினாரல்லர் என்பதற்கு அண்மையில் ஒரு நிகழ்ச்சி உண்டு.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆந் திகதி, கலாபகோஸிலிருந்து பிரெஞ்சுப் பொலினீசியா நோக்கிப் பதின்மூன்று நாள் ஓடியிருந்த 'றெயின்டான்சர்' என்னும் 44 அடிப் படகைத் திமிங்கிலமொன்று மோதிற்று. நண்பகலுக்குச் சற்றுப் பின். கால் மணி நேரத்துக்குள் படகு மூழ்கிவிட்டது. உள்ளிருந்த நால்வரும் தண்ணீரையும் அபாயக் கருவியையும் எடுத்துக்கொண்டு காற்றடைத்த தெப்பத்திலும் சிறு தோணியிலும் இறங்கினர். அப்போது அவ்வழியிற் சென்றுகொண்டிருந்த படகுகள் ஏறத்தாழ இருபத்துநான்கு. தெப்பத்திலிருந்து ஒருவர் செயற்கைக்கோட் கருவியால் வேறொரு படகிலிருந்த நண்பர்க்குச் செய்தி அனுப்ப, அவர் ஏனைப் படகுகளுக்கு அறிவித்தார். நெருங்கி நின்ற 'றோலிங் ஸ்ரோன்ஸ்' என்னும் படகு தன் வழியை விட்டுத் திரும்பிற்று. ஈருடலை இணைத்துக் கட்டிய அவ்வகைப் படகுக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'கற்றமரான்'. அது நம் கட்டுமரமே. மோதிய நேரத்தினின்று ஏறத்தாழ 10 மணி கழித்து, இருளிலே, தெப்பத்தின் சிறு விளக்கைக் கண்டு அணுகி, நால்வரையும் ஒருவர் பின் ஒருவராக ஏற்றிக்கொண்டது. பின்னர் அப்படகு பழைய வழியிலே பாய் விரித்து, அவர்களையும் சேர்த்துக்கொண்டு மேற்கே சென்றது.